உறையில் வந்த இலை

ஏலத்தோட்டம்,
வண்டன்மேட்டுக்கு மேலே.
2.2.2025, ஞாயிறு

அன்புள்ள ராணிக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்பது வருடக் கல்யாணத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும். மேசை இல்லை. தகரப்பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன்.

குவார்ட்டர்ஸில் டவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறினால் ஒரு கோடு வரும். போன வாரம் ஏறிப் பேசினேன். நீ 'ம்' என்றாய். நானும் 'ம்' என்றேன். நாலு நிமிடம். அதனால்தான் கடிதம். கூலிக்கு வரும் பெண்களைக் கம்பத்திலிருந்து ஏற்றி வருகிற ஜீப் டிரைவர் அப்துல் அஜீஸ் பாய் உன் லேப் வாசல் வழியாகத்தான் போகிறார். காலையில் மேலே, மாலையில் கீழே. கொடுத்தால் கொண்டு வருவார்.

செடியைப் பற்றி. நான் வாங்கி வைத்த அந்தத் தடித்த இலைச் செடியை அடுப்படியின் கிழக்கு ஜன்னலை விட்டு நகர்த்தாதே. காலை வெயில் போதும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர். அதுவும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும். இலை அடுக்கின் நடுவில் ஒரு சொட்டும் நிற்கக் கூடாது. இலை சுருங்கினால் பயப்படாதே. தாகம் என்றால் சுருங்கும். தாகம் வரட்டும்.

பதினொரு வருடம் உரக்கடையில் நின்று ஊருக்கெல்லாம் இதைப் போடு, அதைத் தெளி என்று சொன்னவன் நான். இந்தச் செடிக்கு ஒன்றும் செய்யக் கூடாது. செய்யாமல் இருப்பதற்குத்தான் பழக வேண்டும்.

இங்கே கொண்டு வந்திருப்பேன். பனியில் ஒரு வாரத்தில் அழுகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதன்குமார்

•

கூடலூர்
10.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

யுவராணி எழுதுவது. நலமாக இருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா?

செடியைப் பற்றி ஒரு பக்கம். என்னைப் பற்றி ஒரு வரி. சரி.

அஜீஸ் பாய் லேப் வாசலில் ஜீப்பை நிறுத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஹாரன் அடித்தார். "தங்கச்சி, மச்சான் கடிதாசி! இந்தக் காலத்துல கடிதாசி போடுற மனுசன இப்பத்தான் பாக்குறேன். என்னா எழுதியிருக்காக?" என்றார். செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று எழுதியிருக்கிறார் என்றேன். "இதுக்கு ஒரு ஸ்டாம்பு இல்லாத தபாலா!" என்று சிரித்தார். ஜீப்பிலிருந்த பெண்களும் சிரித்தார்கள். நானும்.

தேனி தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் தத்தெடுக்கப் பதிவு செய்தபோது நம் வீட்டைப் பார்த்து எழுதிய அறிக்கை காலாவதியாகப் போகிறதாம். புதுப்பித்தால்தான் வரிசையில் நம் பெயர் நிற்கும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மே 30 கடைசி நாள்.

அக்டோபரில் நடந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஸ்வெட்டர் கொடுத்துவிட்டிருக்கிறேன். போடுங்கள்.

யுவராணி

•

ஏலத்தோட்டம்
2.3.2025

அன்புள்ள ராணிக்கு,

நலம். ஸ்வெட்டர் கிடைத்தது. இருமல் குறைந்துவிட்டது. உனக்குத் தலைவலி வருகிறதா?

கடைசி எடுப்பு முடிந்துவிட்டது. இனி ஜூலை வரை காய் இல்லை. பட்ட தழையைக் கழிப்பதும் தண்ணீர் பாய்ச்சுவதும்தான். நாலு மணிக்கு விசில் அடித்ததும் பெண்கள் ஓடுகிறார்கள், ஜீப்பில் ஓர சீட்டுப் பிடிக்க. கூலிக்கு வருகிறவர்களில் மூக்கம்மாள் என்று ஒரு அம்மா. உங்கள் கூடலூர்தான். தினமும் ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "சூப்பர்வைசர் சார், நாங்க போறோம். நீங்க இங்கன காட்டெருமைக்குக் காவலிருங்க" என்பார். எல்லா ஜீப்பும் வளைவில் இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் என்ஜின் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு அதுவும் இல்லை.

செடி எப்படி இருக்கிறது? தொட்டியை வாரம் ஒரு முறை கால் வட்டம் திருப்பி வை. இல்லாவிட்டால் வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகக் கழுத்தை நீட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மதன்குமார்

•

கூடலூர்
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அதை அப்படியே விடுகிறேன், இன்று வேறு செய்தி இருக்கிறது.

தண்ணீர் ஊற்றிவிட்டேன். ஒரு முறை அல்ல. இலை சுருங்கினால் பயப்படாதே என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். நான் வாய்க்கால் கரையில் வளர்ந்தவள். வாடியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கீழ் இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. தொட்டால் விரலில் நீராக ஒட்டுகிறது.

அதோடு முடியவில்லை. முத்துவீரன் அண்ணன் வந்தான். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடித்து, கொடிக்கு மருந்து தடவிவிட்டு நேராக வந்திருக்கிறான். கையுறையோடு. செடியைப் பார்த்தான்.

"ஏ ஆத்தா, என்னா இது? முட்டைக்கோசு மாதிரி?"

"அவக செடி. அழுகுது போல."

"அழுகலப்பா. ஒறங்குது. மாப்ளைக்கு ஏலக்காயப் பத்தித்தான் தெரியும். நம்ம மருந்த ஒரு சொட்டு வையி, பன்னெண்டு நாள்ல மொட்டு வெடிக்கும் பாரு."

"அண்ணே, வேணாம்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை எடுத்து நடுக்குருத்தில் தடவிவிட்டான். உறங்குகிற திராட்சைக் கொடியை அடித்து எழுப்புகிற மருந்து அது. மூன்றாம் நாள் குருத்து முழுக்கப் பீடி சுட்ட மாதிரி புள்ளி புள்ளியாகக் கருகியிருக்கிறது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "அப்ப அது திராட்சை இல்ல போலயே" என்கிறான்.

திட்டுவதானால் திட்டுங்கள். என்ன செய்வது என்றும் எழுதுங்கள்.

யுவராணி

•

ஏலத்தோட்டம்
11.3.2025

ராணி,

நலம்தானே. நேற்றுக் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

தொட்டியிலிருந்து எடுத்துவிடு. மண்ணை உதறு. தண்டைக் கூர்மையான பிளேடால் கீழிருந்து மேலாக, வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டே வா. வெட்டிய இடத்தின் நடுவில் கறுப்புப் புள்ளி இருக்கும் வரை வெட்டு. முழுப் பச்சை வந்ததும் நிறுத்து. மீதி இருக்கும் தலையை மண்ணில் வைக்காதே. வெறும் பேப்பரில், நிழலில், பத்து நாள். காயம் காய வேண்டும். பிறகு மணல் கலந்த மண்.

உதிர்ந்த இலைகளில் கெட்டியானவற்றைத் தூக்கிப் போடாதே. வரிசையாக வை. மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அடியிலிருந்து தானாக வேர் விடும்.

முத்துவீரனைத் திட்டாதே. அவன் நல்லது என்று நினைத்துத்தான் செய்தான்.

பிளேடைச் சூடாக்கிக்கொள். கை பத்திரம்.

மதன்குமார்

•

கூடலூர்
23.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலம் உங்கள் எழுத்தில் தெரிந்தது. செடி என்றதும் இரண்டே நாளில் பதில். நான் கேட்டதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம், அதிலும் பதில் இல்லை.

சொன்னபடி செய்தேன். லேபில் இருந்து புது பிளேடு கொண்டு வந்தேன். ஏழு வெட்டு. ஆறு வரை நடுவில் கறுப்பு. ஏழாவதில் பச்சை. தலை என்று மிஞ்சியது ஒரு எலுமிச்சம்பழ அளவு. கெட்டி இலைகள் பதினான்கு. செய்தித்தாளில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் அக்கா காப்பித்தூள் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "என்னத்தா, செடிக்குப் பிரசவம் பாக்குறியா?" என்றார்கள். சொன்னதும் அவர்களுக்கே முகம் மாறிவிட்டது. "நான் ஒண்ணும் நெனச்சுச் சொல்லல தாயி. ஒங்க வீட்டுக்காரக எப்ப வாராக?" என்றார்கள். வருவார் என்றேன். காப்பித்தூளை வாங்காமலே போய்விட்டார்கள்.

இந்தச் செடியை நீங்கள் குமுளியில் வாங்கியது எப்போது என்று யோசித்தேன். மூன்றாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பிய வாரம். 'சொந்தத்துக்குள்ள கட்டினது, ரத்தம் ரொம்ப நெருக்கம், இனி முயற்சி பண்ண வேண்டாம்' என்று டாக்டர் சொன்ன வாரம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இதை ஜன்னலில் வைத்தீர்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

லேபில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறேன். டியூபில் எல்லாம் ஒரே சிவப்பு.

கம்பளியை நனையாமல் வையுங்கள்.

யுவராணி

•

கூடலூர்
20.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நான் எழுதி நாலு வாரமாகப் பதில் இல்லை. அஜீஸ் பாயிடம் கேட்டால், "ஆளு நல்லாத்தான் இருக்காக, தாடிதான் வளந்திருச்சு" என்கிறார்.

தலை வேர் பிடித்துவிட்டது. மெதுவாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இலைகளில் ஐந்துக்கு அடியில் மயிரிழை மாதிரி வேர். ஒன்றைப் பஞ்சில் சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அங்கே அழுகுமோ என்னவோ. இருந்தாலும் உங்களிடம் ஒன்று இருக்கட்டும்.

இந்தச் செடியை வைத்து எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நேராகக் கேட்கிறேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி நமக்கென்று ஒதுக்கிய அந்தப் பெண் குழந்தையின் போட்டோ வந்தது. ஏழு மாதம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லச் சொன்னார்கள். 'யோசிக்கிறேன்' என்றீர்கள். மறுநாள் சின்னமனூர் போய்விட்டீர்கள். போன் அணைந்திருந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் போட்டோ திரையிலிருந்து போய்விட்டது. அந்தப் பிள்ளையின் கன்னத்தில் மைப்பொட்டு இருந்தது. பெற்றவள் இல்லாத இடத்தில் யாரோ ஒருத்தி அவளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறாள். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆறு மாதமாக.

ஒப்புதல் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. உங்களுடையது மே 30-க்குள் தேனியில் சேர வேண்டும். இல்லாவிட்டால் நம் பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பப் பதிந்தால் இன்னும் நான்கு வருடம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். அதைத் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். போனில் கேட்க மாட்டேன். போனில் சிக்னல் இல்லை என்பீர்கள்.

யுவராணி

•

ஏலத்தோட்டம்
11.5.2025

அன்புள்ள ராணிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம். பதில் எழுதத் தாமதம். வேலை.

இங்கே தினமும் மதியம் இடி. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனாயா? இங்கிருந்து பாதிப் பெண்கள் நேர்த்திக்கடன் என்று லீவு. தோட்டம் வெறிச்சென்று இருந்தது.

செடியின் தலை வேர் பிடித்ததா? பேப்பரில் வைத்த இலைகள் என்ன ஆயின? எழுது.

வெயில் அதிகம். மோர் குடி.

மதன்குமார்

•

கூடலூர்
14.5.2025

மாமா,

நலம்.

தலை வேர் பிடித்ததை எழுதியிருந்தேன். இலைகள் என்ன ஆயின என்று எழுதியிருந்தேன். ஒரு இலையை உங்களுக்கே அனுப்பியிருந்தேன்.

கையில் ஒரு இலை கிடைத்து, அதைப் பற்றி நீங்கள் நாலு வரி எழுதாமல் இருந்தால் உலகம் தலைகீழ். அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. தடித்திருந்ததைப் பார்த்து உள்ளே என்ன காகிதம் என்று ஊகித்திருப்பீர்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள்? பெட்டிக்கு அடியிலா?

திருவிழாவுக்குப் போனேன். தீச்சட்டி எடுத்தவர்களைப் பார்த்தேன். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பினேன்.

மே 30.

யுவராணி

•

ஏலத்தோட்டம்
27.5.2025

ராணிக்கு,

நலமா என்று கேட்க இன்று எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ சொன்னது சரி. பெட்டிக்கு அடியில் அல்ல, தலையணை உறைக்குள். ஐந்து வாரம். உன் அடுத்த கடிதம் வந்த பிறகும் ஒன்பது நாள். சனிக்கிழமை மழை பிடித்தது. தோட்டம் நின்றுவிட்டது. வேறு செய்ய ஒன்றும் இல்லாதபோதுதான் பிரித்தேன்.

இலை உயிரோடு இருந்தது. பாதி சுருங்கியிருந்தது. அடியில் இளஞ்சிவப்பாக வேர். பஞ்சைத் தாண்டிக் காகிதத்துக்குள் போயிருந்தது. வேர்களுக்கு நடுவில் மிளகு அளவில் ஒரு செடி, இலை அடுக்கெல்லாம் வைத்து. இருட்டில் நான் விட்ட நாட்கள் எல்லாம் அதில் தெரிந்தன. பிய்க்க மனம் வரவில்லை. காகிதத்தோடு கிழித்து நட்டேன். அதனால் உன் கடிதத்தில் இரண்டு வரி இப்போது என்னிடம் இல்லை.

அக்டோபரைப் பற்றி.

நான் யோசிக்கவில்லை. போட்டோவைப் பார்த்த நிமிடமே முடிந்துவிட்டது. பெயர் வைத்துவிட்டேன். மூன்று முறையும் அப்படித்தான், உனக்குத் தெரியாமல் முன்னாலேயே பெயர் வைத்தேன். மூன்றும் நிற்கவில்லை. நான் பெயர் வைத்தால் போய்விடும் என்று ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம். சின்னமனூரில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், மனதுக்குள், நேரம் முடியும் வரை. எடுத்துக்கொண்ட பிறகு போனால் என்ன செய்வேன் என்றுதான் பயம். அவள் யார் பிள்ளையோ என்பது என் பயம் இல்லை. ஊர் அப்படி நினைத்தது. நீயும் அப்படி நினைத்தாய். நான் திருத்தவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரோட்டில் மண் சரிந்து ஜீப் மூன்று நாளாக இல்லை. நேற்று நடந்தே கொண்டு வரலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். மழை காரணம் இல்லை. கதவைத் திறந்து நீ என்ன முகத்தோடு நிற்பாய் என்று தெரியவில்லை. நாளை ரோடு திறக்கும் என்கிறார்கள். முதல் ஜீப்பில் அஜீஸ் பாயிடம் கொடுக்கிறேன். முப்பதுக்குள் சேர்த்துவிடு.

மதன்

•

கூடலூர்
2.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்.

அஜீஸ் பாய் வியாழன் மாலை கொண்டு வந்து கொடுத்தார். ஹாரன் அடிக்கவில்லை. வெள்ளி காலை லீவு போட்டுவிட்டுத் தேனி போனேன். அங்கே அதிகாரி சங்கரலிங்கம், வயதானவர். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து இருக்கும்மா. ஆளு எங்கன?"

"மலையில சார். ஏலத்தோட்டத்துல வேல."

"வாரக் கடைசியில வாராகளா?"

"இல்ல சார்."

"மாசத்துக்கொருக்கா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "பன்னெண்டாந்தேதி வீட்டுக்கு வாரேன். நான் பீரோவையும் கக்கூசையும் பாக்க வரலம்மா. இந்த வீட்டுல ஒரு பிள்ள அழுதா எந்திரிச்சு வர ரெண்டு பேரு இருக்காகளான்னு பாக்க வாரேன். இல்லேன்னா இல்லேன்னே எழுதிருவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

கோபிக்கவில்லை. அவர் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அழுதேன். அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அழுதது மன்னித்ததாகாது. உங்களுக்குப் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. நான் தனியாக இருந்தேன். மூன்று பெயர்களையும் என்னிடம் சொல்லியிருக்கலாம். என் வயிற்றில் இருந்தவர்களுக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் ஜீப் ஏறுவதானால் வர வேண்டாம். சங்கரலிங்கம் சாரிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்வேன். வருவதானால் தகரப்பெட்டியோடு வாருங்கள்.

அவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

நேற்று லோயர் கேம்ப்பில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் சத்தம் கேட்கிறது. நனையாதீர்கள்.

யுவராணி

•

ஏலத்தோட்டம்
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள ராணிக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதை முதல் முறையாக அர்த்தத்தோடு எழுதுகிறேன்.

வேலையை விட்டுவிட்டேன். முதலாளி, "காய் எடுப்புக்கு ஆளு வேணுமேப்பா" என்றார். மூக்கம்மாள் பக்கத்தில் நின்று, "அவருக்கு வீட்டுல ஆளு வேணும், போக விடுங்க முதலாளி" என்றார். புதன்கிழமை நாலு மணி ஜீப். பெண்கள் முன்சீட்டை எனக்கு விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேலிக்குத்தான். இருந்தாலும் உட்காருவேன். உரக்கடையில் திரும்பச் சேர்ப்பார்களா என்று தெரியாது. பார்க்கலாம்.

இறங்கி வந்து கதவைத் தட்டுவேன். நீ எந்த முகத்தோடு நின்றாலும் பெட்டியை உள்ளே வைப்பேன். அதிகாரி மறுநாள்தான் வருகிறார். அதற்குள் நீ என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடு. பன்னிரண்டாம் தேதி அவர் என்ன எழுதினாலும் பதின்மூன்றாம் தேதி நான் அங்கேதான் இருப்பேன்.

மூன்று பெயர்களையும் சொல்கிறேன். நான்காவதை எழுதச் சொல்கிறாய். எழுத முடியவில்லை, ராணி. தாளில் வைத்துப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் முன்னால் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு முறை. பிறகு வரப்போகிற பிள்ளைக்கு அதை வைக்க வேண்டாம். அவளுக்கு நீ வேறு வை. இது அந்த மைப்பொட்டுக்காரியுடையது.

அவளுக்கு இப்போது ஒன்றேகால் வயது இருக்கும். நடக்கிறாள். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வீட்டில், யாரோ அவளை எனக்குத் தெரியாத ஒரு பெயரில் கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

மதன்